வேலாயி பெறாத பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் வேலாயி எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு மாப்பிள்ளை வீட்டாரிடம், "பொண்ணு தங்கமான பொண்ணு. கோவம் மட்டும் கொஞ்சம் கூடுதல். தெரிஞ்சிகிட்டு கட்டுங்க, அப்புறம் எங்கள திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. வேலாயி எங்களுக்குச் சொந்தக்காரி இல்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் சில வீடுகள் தள்ளி இருப்பவள், அவ்வளவுதான். அவளிடம் யாரும் நற்சான்று கேட்கவும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை சிரித்துவிட்டார், கல்யாணமும் நடந்துவிட்டது. இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால், வேலாயிக்கா அப்பவே சொன்னாங்க என்று ஆரம்பித்துவிடுவார் என் வீட்டுக்காரர்.

நான் நவமணி. பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, நாலு கட்டில், காய்ச்சல் மருந்து, பிள்ளைப்பேறு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்தத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் தொட்டது என் கைதான். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கங்காணிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட எனக்கே வேலாயியின் விஷயம் தெரியாமல் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலாயிக்குப் பொய் சொல்ல வராது என்று தோட்டமே சொல்லும். புதிதாக வந்த சின்ன துரை ஒருவர் தமிழ் கற்றுக்கொண்டு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டில் நின்று கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்து, என் தமிழ் எப்படி என்று பெருமையாகக் கேட்டார். எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். வேலாயி மட்டும், "ஒண்ணும் புரியல தொர, மலாய்லயே சொல்லுங்க லா" என்றாள். கங்காணி தங்கராஜு தலையில் கை வைத்துக்கொண்டார். துரை மறுநாளிலிருந்து மலாயில்தான் பேசினார், எங்களுக்கும் வேலை என்னவென்று புரிந்தது. கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, வாயிலும் இல்லை. புருஷன் இல்லாமல் ஒரு மகனை வளர்த்து ஆளாக்கியவள், யாருக்கும் பயப்பட வேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கவில்லை.

இவ்வளவு நேர்மையானவள் நாற்பது வருஷமாக ஒரே ஒரு பொய்யைக் காத்து வந்தாள். எங்களுக்கு அது எண்பத்து நாலில்தான் தெரிந்தது. உங்களுக்கு நான் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

வேலாயி இந்த மலையில் பிறந்தவள்தான். ஆனால் கல்யாணம் பண்ணிக் கீழே பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அது ஜப்பான்காரன் காலம். அவள் புருஷனை சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள், திரும்பவே இல்லை. பிறந்த குழந்தையும் காய்ச்சலில் போய்விட்டது. அடுத்த வீட்டில் மாடசாமி என்று ஒருவர், அவரையும் சயாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். அவர் மனைவி தங்கம்மா மலேரியாவில் செத்துப்போனாள். அவள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை கத்திக்கொண்டு கிடந்தது. வேலாயிக்கு மார்பில் பால் இன்னும் வற்றவில்லை. எடுத்து அணைத்துக்கொண்டாள். எடுத்தவள் பிறகு இறக்கவே இல்லை.

சண்டை முடிந்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறி அப்பா வீட்டுக்கு வந்தாள். புருஷன் போனதைச் சொல்லி அழுதாள், எல்லாரும் அழுதார்கள். பிள்ளைக்குப் பேர் என்ன என்று கேட்டார்கள். சிவசாமி என்றாள். இது உன் பிள்ளையா என்று யாராவது கேட்பார்களா? கேட்கவில்லை. ஆக ஆரம்பத்தில் அது பொய்கூட இல்லை, கேட்காத கேள்விக்குச் சொல்லாத பதில். கீழ்த்தோட்டத்து ஆட்களும் சிதறிப் போனார்கள். அந்த மலையில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எழுபத்து நாலில்தான் அது உண்மையான பொய்யாக மாறியது. சிவசாமி வளர்ந்து தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கும் பக்கம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சாதுவான ஆள். தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் வேலாயியின் தம்பி இராமையா இருந்தார், அவருக்கு அம்சவல்லி என்று ஒரு மகள். வேலாயி தட்டெடுத்துக்கொண்டு போய், என் மகனுக்கு உன் மகளைக் கொடு என்று கேட்டாள். அத்தை மகன், மாமன் மகள். எங்கள் தோட்டங்களில் இதைவிட அழகான முறை கிடையாது, மறுத்தால்தான் சண்டை வரும். கல்யாணத்தன்று இராமையா சந்தோஷத்தில் கோயில் மேடையில் நின்று, "என் ரத்தம் வெளிய போவல, என் அக்கா வீட்டுக்கே போவுது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன். வேலாயி தலைகுனிந்து நின்றாள். ஆனந்தத்தில் நிற்கிறாள் என்று நினைத்தோம்.

அம்சவல்லியும் சிவசாமியும் நல்ல ஜோடி. அவள் அத்தையைப் போலவே வாயாடி. அவன் வாயைத் திறக்கவே யோசிப்பவன், அவள் பேசும்போது மட்டும் சிரிப்பான். குறை ஒன்றுதான். அவளுக்குக் கர்ப்பம் உண்டாகும், ஆனால் தங்காது. மூன்றாம் மாதத்தைத் தாண்டாமல் கலைந்துவிடும். நாலு முறை அப்படி ஆனது. நாலு முறையும் நான்தான் அவள் பக்கத்தில் இருந்தேன். அந்த வேளைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பெண்களுக்குத் தெரியும், ஆண்களுக்குச் சொன்னாலும் தெரியாது.

தோட்டத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கூடை சுமந்ததால் என்றாள் ஒருத்தி, சரிவு ஏறியதால் என்றாள் இன்னொருத்தி, காத்துக் கருப்பு என்றவர்களும் உண்டு. கூடை சுமந்து சரிவு ஏறிய மற்றவர்களுக்கு எல்லாம் வரிசையாகப் பிள்ளை பிறந்துகொண்டுதான் இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வேலாயி பேச்சோடு நிற்கவில்லை. நேரே தங்கராஜு கங்காணியிடம் போய், மருமகளை மலையிலிருந்து இறக்கி நர்சரியில் போடச் சொன்னாள். தேயிலைத் தண்டை வெட்டிப் பையில் நட்டு வேர் பிடிக்க வைக்கும் இடம் அது, நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. அம்சவல்லி கை வைத்த தண்டெல்லாம் வேர் பிடித்தது. அவளுக்குள்தான் ஒன்றும் பிடிக்கவில்லை. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எண்பத்து நாலில், மாதம் ஒருமுறை எங்கள் தோட்டத்துக்கு வரும் டாக்டர், லண்டனில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டரம்மா ஈப்போவில் இருக்கிறார், இப்படிக் கலைகிறவர்களை மட்டும் பார்க்கிறார் என்று சொன்னார். டாக்டர் ஓங் என்று பெயர். தாப்பா வழியாக பஸ்ஸில் இறங்கிப் போனோம். அம்சவல்லி, சிவசாமி, வேலாயி, அப்புறம் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதற்கு நான். வளைவு வளைவாக இறங்கும் அந்தப் பாதையில் சிவசாமி வாந்தி எடுத்தான். புருஷனுக்கு மசக்கை என்று அம்சவல்லி பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

டாக்டர் ஓங் முதலில் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, நீங்கள் இருவரும் சொந்தமா என்றார். சிவசாமி நிமிர்ந்து உட்கார்ந்து, "சொந்த மாமா மவ டாக்டர்" என்றான். வாழ்க்கையில் அவன் பெருமையாகச் சொன்ன சில வார்த்தைகளில் அது ஒன்று. டாக்டர் தலையாட்டினார், எதிர்பார்த்தது கிடைத்துவிட்டதைப் போல. அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன், ஒருவர்கூட இதைச் சொல்லித் தந்ததில்லை.

கரு என்பது தாய்க்குப் பாதி சொந்தம், பாதி அந்நியம் என்றார் அவர். தாயிடமிருந்து வந்த பாதியைத் தாயின் உடம்புக்குத் தெரியும். தகப்பனிடமிருந்து வந்த பாதி தெரியாதது. நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, அவற்றின் வேலையே தெரியாத எதையும் விரட்டுவதுதான். அப்படியானால் கருவை ஏன் விரட்டுவதில்லை? கரு வந்து கர்ப்பப்பையின் உள்சுவரில் ஒட்டும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு பேச்சு நடக்கிறது. நான் புதுசு என்று கரு தெரியப்படுத்துகிறது. தெரிந்துகொண்ட சுவர், இதைத் தொடாதே, காப்பாற்று என்று தன் அணுக்களுக்குச் சொல்கிறது. கணவனும் மனைவியும் ரத்தத்தில் ஒரே மாதிரி இருந்துவிட்டால், வந்திருப்பது புதுசு என்பதே சுவருக்கு உறைக்காது. பேச்சு நடக்காது, காப்பும் கிடைக்காது. அப்படித்தான் இப்போது நினைக்கிறோம் என்றார். நினைக்கிறோம் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

இதை நான் அவர்களுக்கு ஃபேக்டரி வாசலில் காவல் நிற்கும் ஜாகாவை வைத்துச் சொன்னேன். வெளியாள் வந்தால் ஜாகா நிறுத்தி, யார் என்று கேட்டு, ஆபீசுக்குச் சொல்லி, கூடவே ஓர் ஆளையும் அனுப்பி பத்திரமாக உள்ளே கொண்டுபோவான். லயத்து ஆள் மாதிரியே ஒருவர் வந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். அவர் துணையில்லாமல் உள்ளே போய் மிஷினில் அடிபட வேண்டியதுதான். அம்சவல்லிக்கு உடனே பிடிபட்டது. வேலாயிதான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்நியப் பிள்ளையையா உடம்பு காப்பாத்துது என்று இரண்டு முறை கேட்டாள். ஆமாம், எல்லாப் பிள்ளையும் அப்படித்தானாம் என்றேன்.

டாக்டர் ஒரு வழியும் சொன்னார். புருஷனின் ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, மனைவியின் கையில் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவது. அவன் யார் என்று அவள் உடம்பு முன்கூட்டியே தெரிந்துகொள்ளும், பிறகு கரு வரும்போது அடையாளம் தெரியும். லண்டனில் செய்து பார்க்கிறார்கள், சத்தியம் பண்ண முடியாது என்றார். முதலில் இருவர் ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். எழுந்து வரும்போது, உங்கள் இருவரிடமும் தனித்தனியாக ஒரு குறையும் இல்லை என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஆறுதல்தான் வினையாகிவிட்டது.

  ஊர் திரும்பிய மறுநாள் வேலாயி என் வீட்டுக்கு வந்து நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்றாள். பதினைந்து வருஷமாக என் ரசத்தைக் கழுவின தண்ணி என்று சொன்னவள். உடம்பு சரியில்லையோ என்று தொட்டுப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இராமையா வந்தார். கூடவே கோயில் தலைவர் அமிர்தலிங்கத்தையும் அழைத்து வந்தார், பேச்சு பெரியது என்று அதிலேயே தெரிந்தது. என்னையும் கூப்பிட்டு, டாக்டர் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இராமையா கோபக்காரர் இல்லை, நியாயம் பேசுகிறவர். அன்றும் நியாயமாகத்தான் பேசினார். ஒரே ரத்தமாக இருப்பதுதான் குறை என்றால் அதே ரத்தத்தை இன்னும் ஊசி வழியாக ஏற்றுவது என்ன வைத்தியம் என்றார். அப்புறம் இவர்கள் அண்ணன் தங்கை மாதிரியே ஆகிவிடமாட்டார்களா என்றார் அமிர்தலிங்கம். இராமையா தொடர்ந்தார். தப்பு எங்கள் மேல்தான், சொந்தத்தில் கொடுத்தோம். டாக்டரே சொல்லிவிட்டார், தனித்தனியே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று. பகையில்லாமல் பிரித்துவிடுவோம். சிவசாமிக்கு வெளியில் ஒரு பெண் பார்ப்போம், நம் பிள்ளைக்கும் வெளியில் ஓர் இடம் பார்ப்போம். இரண்டு வீட்டிலும் பிள்ளை பிறக்கும்.

அம்சவல்லி உள்ளேயிருந்து வெளியே வந்தாள். "புடுங்கி வேற பையில நட நான் என்ன நர்சரி கன்னா, அப்பா? எனக்கு இவரோட பிள்ளதான் வேணும். இல்லன்னா வேணாம்" என்றாள். இராமையா அவளை விட்டுவிட்டு மருமகனைப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

 சிவசாமி தரையைப் பார்த்தபடி, "அவளுக்கு ஒரு பிள்ள கெடைக்கும்னா நான் ஒதுங்கிக்கிறேன் மாமா" என்றான்.  அம்சவல்லி அவனை அடிக்கப் போவதைப் போல ஓர் அடி எடுத்து வைத்து, அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்கு அவனை உலுக்க வேண்டும் போல இருந்தது.

நான் வேலாயியைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது என்னவெல்லாம் ஓடியிருக்கும் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் மகன் மகனில்லை, தம்பிக்கு அவள் ஏமாற்றுக்காரி, தோட்டத்துக்கு அவள் பொய்க்காரி. திறக்காவிட்டால் இல்லாத ஒரு ரத்தத்துக்காக இந்த இரண்டு பேரும் பிரிய வேண்டும். பிரிக்கச் சொல்லும் காரணம் பொய் என்று தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

"தம்பி, இவுங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம் இல்ல" என்றாள் வேலாயி. "சிவசாமிய நான் பெக்கல."

ரப்பர் தோட்டம், சயாம், மாடசாமி, தங்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். நீட்டவில்லை, அழவில்லை. பெரட்டில் பெயர் கொடுப்பதைப் போல நேராகச் சொன்னாள். செத்துப்போன தன் பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். அமிர்தலிங்கம் மெல்ல எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார், அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இராமையாவின் முகம் கறுத்துவிட்டது. "அப்ப எந்த முறையில வந்து எம்பொண்ண கேட்ட நீ?" என்றார்.

"அம்மாங்கற முறையில" என்றாள் வேலாயி.

 இராமையா எதிரே வைத்திருந்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டுத் தண்ணியைத் தொடாமல் போவது என்றால் என்ன என்று விளக்கம் வேண்டியதில்லை. வேலாயி அவர் போவதை வாசல் வரை வந்து பார்த்தாள். பிறகு உள்ளே வந்து மகனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

சிவசாமி கேட்டது ஒன்றுதான். தன் பெயர் யார் வைத்தது என்றான். "நான்தான் வச்சேன். அவ பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டா" என்றாள். அவன் தலையாட்டினான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மத்தியான ஷிப்டுக்குப் போய்விட்டான். நாற்பத்தொரு வயது ஆணுக்கு அம்மா மாறிப்போனால் என்ன செய்வான் என்று நானும் அம்சவல்லியும் ஆளுக்கொரு பயத்தோடு உட்கார்ந்திருந்தோம். வேலாயி மட்டும் அரிசி களைந்தாள். வேலை முடிந்து வந்தவன், அடுத்தது ஈப்போ எப்போது என்று அம்மாவிடம் கேட்டான். தானும் வரவேண்டுமா என்று வேலாயி கேட்டாள். ஒரு மாதிரி கேள்வி அது, அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"நீ வராம யாரும்மா வருவா?" என்றான் சிவசாமி.

அன்று வேலாயி அழுதாள். அடுப்படியில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள். அம்சவல்லி பக்கத்தில் போய் உட்கார்ந்து, போதும் அத்தை, சோறு கரியுது என்றாள். உண்மையில் கரிந்துதான் போயிருந்தது.

டாக்டர் ஓங்கிடம் நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் வேலாயியைப் பார்த்துக் கைகூப்பினார், ஒரு சீனத்து டாக்டரம்மா எங்கள் வேலாயிக்கு. பிறகு ரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னார். இருவருக்கும் ஒத்துப்போவது மிகவும் குறைவு. ஆனால் சொந்தக்காரர்களுக்கும் சில சமயம் இப்படி வரும், அதனால் அந்த முடிவைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது என்றார். வேலாயி வாயைத் திறந்திருக்கவே வேண்டாமோ என்று ஆகிவிடுமே என அதைத் தமிழில் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது, சொன்னேன். வேலாயி யோசித்துவிட்டு, யாரும் கண்டுபிடிக்க முடியாட்டியும் நானே சொன்னதுதான் நல்லது என்றாள். அவள் பழைய வேலாயியாகத் திரும்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோனது.

அப்படியானால் ஏன் கலைகிறது என்று அம்சவல்லி கேட்டாள். தெரியவில்லை என்றார் டாக்டர். நான் போன முறை சொன்ன காரணம் உங்களுக்குப் பொருந்தவில்லை. சுவருக்கும் கருவுக்கும் நடுவே பேச்சு நடக்கிறது என்பது நிச்சயம், உங்களுக்குள் அது எங்கே தடைபடுகிறது என்று சொல்லுமளவுக்கு எங்களுக்கு இன்னும் படிப்பு போதவில்லை. ஊசியை வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாம், காரணம் தெரியாதவர்களுக்கும் போடுகிறார்கள். இப்படித் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அம்சவல்லி சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

சிவசாமிக்கு ஊசி என்றால் பயம். ரத்தம் எடுக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். "இவ்ளோ பயந்த ரத்தமா எனக்குள்ள போயி அடையாளம் காட்டப் போவுது?" என்றாள் அவள். அவளுக்குக் கையில் ஊசி போட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்து அரித்தது. நர்சரியில் சொறிந்துகொண்டே வேலை செய்தாள், யார் கேட்டாலும் புருஷன் கடிச்சிட்டாரு என்பாள்.

மறுபடி கர்ப்பம் உண்டானது. மூன்றாம் மாதம் வந்தபோது தோட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். மூன்று முடிந்தது, நாலு வந்தது, ஒருநாள் வேலாயி லயத்துக் குழாயடியில் நின்று, எம் பேரப்புள்ள உதைக்குது என்று அறிவித்தாள். இராமையா மட்டும் வரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர் இந்த லயத்துப் பக்கம் திரும்பவில்லை. வளைகாப்புக்கு மனைவியிடம் வளையல் கொடுத்தனுப்பினார். மகள் மேல் அவருக்குக் கோபம் இல்லை, அக்கா பெயரை மட்டும் எடுப்பதில்லை. அதற்குள் விஷயம் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. முன்னால் பேசவில்லை, பின்னால் பேசினார்கள். வேலாயி தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தாள். ஆனால் பக்கத்து டிவிஷன் பாதையைப் பார்க்கும்போது அவள் கண் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

எண்பத்தைந்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். அது அந்த ஊசியால்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். பல வருஷம் கழித்து, அந்த ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லி அதை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அம்சவல்லியின் உடம்பு எந்த மாதம் எந்த வார்த்தையைக் கேட்டு அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொண்டதோ, எனக்குத் தெரியாது. ஏற்றுக்கொண்டது, அது தெரியும்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று லயம் முழுக்க அந்த வீட்டில் இருந்தது. வழக்கம்போல பெண்கள் குழந்தையின் முகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நெற்றி அப்பா நெற்றி, கண் அம்மா கண். சீதா என்று ஒருத்தி, எதையும் யோசித்துப் பேசாதவள், மூக்கைக் காட்டி, இது அப்படியே அப்பாயி மூக்கு, வேலாயிக்கா மூக்கு என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.  வேலாயி குழந்தைக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். அந்த நேரம் பார்த்து இராமையா உள்ளே வந்தார், தோளில் துண்டு, கையில் ஒரு பை. அவருக்கு எவ்வளவு காதில் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

வேலாயி வெந்நீரை வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் ஒதுங்கினாள். தம்பி தன் மகளைப் பார்க்க வந்திருக்கிறார், நடுவில் நாம் எதற்கு என்று நினைத்தாள் போல. இராமையா குழந்தையை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். அவர் கையில் இருந்தது அவர் மகளின் பிள்ளை. அவர் ரத்தம் என்றால் அவர் அக்காவின் ரத்தமும்தான், இது நேர்வழி, யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் யாரும் யோசிக்காததை அந்த மனுஷன் அங்கே நின்று யோசித்தார் என்று நினைக்கிறேன்.

"அக்கா, இங்க வா" என்றார். அந்தச் சொல்லை அந்த வீட்டில் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. "சீதா சரியாத்தான் சொல்லுது. இது உன் மூக்குதான். என் வழியா வந்திருக்கு."

வேலாயி வந்து குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். அகலமான, நுனியில் கொஞ்சம் தூக்கிய மூக்கு. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷத்தில் எதையாவது உளறியிருப்பார்கள்.

"ஆமா, என் மூக்குதான்" என்றாள் வேலாயி. "பாவம், பொம்பளப் புள்ளைக்குப் போயி இந்த மூக்கா?"

சொல்லிவிட்டுத் தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இராமையா ஒரு கையில் குழந்தையோடு மறு கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு அம்சவல்லி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், அவர் அதை எடுத்துக் குடித்தார்.